பிறந்த சில நொடிகளில் பிளாஸ்டிக் குமிழிக்குள்... 12 வருஷம் அங்கேயே வாழ்ந்த டேவிட் வெட்டர்! யார் இந்த 'பபுள் பாய்'?

1971 செப்டம்பர் 21. அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணம், ஹூஸ்டன் நகரம். அறுவை சிகிச்சை மூலம் ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது. குழந்தை பிறந்ததும் துடைத்து, துணியில் சுற்றி, அம்மா பக்கத்தில் படுக்க வைப்பார்கள், இல்லையா? இந்தக் குழந்தைக்கு அது நடக்கவில்லை. பிறந்த சில நொடிகளிலேயே, கிருமி நீக்கம் செய்து தயாராக வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து மூடிவிட்டார்கள்.

கொஞ்ச நாள்தான், அப்புறம் வெளியே எடுத்துவிடலாம் என்பது டாக்டர்களின் கணக்கு. ஆனால் அந்தக் கொஞ்ச நாள் 12 வருஷமாக நீண்டது.

அந்தக் குழந்தையின் பெயர் டேவிட் பிலிப் வெட்டர். பத்திரிகைகளும் டிவிகளும் அவனுக்கு வைத்த பெயர் பபுள் பாய். அவன் உயிரோடு இருந்தவரை குடும்பப் பெயரைக்கூட வெளியே சொல்லவில்லை. இன்றைக்கும் பிறவி நோய் எதிர்ப்பு குறைபாடு பற்றிப் படிக்கும் மருத்துவ மாணவர்கள் டேவிட்டைத் தாண்டாமல் போக முடியாது.

அவன் ஏன் குமிழிக்குள் போனான்? ஏன் யாராலும் அவனை வெளியே எடுக்க முடியவில்லை? பார்க்கலாம்.

முதல் டேவிட்

அந்த வீட்டில் அவனுக்கு முன்பே ஒரு டேவிட் இருந்தான்.

அப்பா டேவிட் ஜோசப் வெட்டர், அம்மா கரோல் ஆன். முதலில் பிறந்தது கேத்தரின் என்ற பெண் குழந்தை. எந்தக் குறையும் இல்லை. அடுத்து பிறந்த பையனுக்கு அப்பாவின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பையன் 7 மாதத்தில் இறந்துபோனான். சாதாரண குழந்தை சமாளித்துவிடும் தொற்றுகளைக்கூட அவன் உடம்பால் தாங்க முடியவில்லை. நெஞ்சுப் பகுதியில் இருக்கும் தைமஸ் சுரப்பி அவனுக்குச் சரியாக வளரவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இனி பையன் பிறந்தால் அவனுக்கும் இதே நோய் வர 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று பெற்றோரிடம் டாக்டர்கள் விளக்கினார்கள். கூடவே ஒரு வழியும் சொன்னார்கள். பேலர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜான் மாண்ட்கோமரி, மேரி ஆன் சவுத், ரஃபேல் வில்சன் ஆகிய மூவரின் யோசனை அது. குழந்தை பிறந்த உடனே கிருமி இல்லாத கூடாரத்துக்குள் வைத்துவிட வேண்டும். அக்கா கேத்தரினின் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவனுக்குச் செலுத்த வேண்டும். அது வேலை செய்ய ஆரம்பித்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இது வெறும் கற்பனையும் அல்ல. 1968ல் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் என்ற மருத்துவரின் குழு, இதே நோய் இருந்த ஒரு குழந்தைக்கு அதன் அக்காவின் மஜ்ஜையைச் செலுத்திக் காப்பாற்றியிருந்தது. ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த பெற்றோரிடம் இப்படி ஒரு வழியைச் சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

கத்தோலிக்க நம்பிக்கையில் ஊறிய அந்தத் தம்பதி துணிந்தார்கள். பிறந்ததும் பையன், அவனுக்கும் அதே நோய். கூடாரத்துக்குள் வைத்தே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அதற்கான புனித நீரையும் கிருமி நீக்கம் செய்துதான் உள்ளே அனுப்பினார்கள்.

அப்படி என்ன நோய்?

சிவியர் கம்பைண்ட் இம்யூனோ டெஃபிஷியன்சி. சுருக்கமாக ஸ்கிட். தமிழில் சொன்னால், பிறவியிலேயே வரும் தீவிர நோய் எதிர்ப்பு குறைபாடு.

நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் டி செல், பி செல் என்று இரண்டு முக்கியமான வகைகள் உண்டு. தோராயமாகச் சொன்னால், பி செல் கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தயாரிக்கும். டி செல் வைரஸ் புகுந்த அணுக்களை அழிக்கும். பி செல்லுக்கு எப்போது வேலை தொடங்க வேண்டும் என்று சொல்வதும் டி செல்தான்.

டேவிட்டுக்கு டி செல் கிட்டத்தட்ட இல்லை. பி செல் இருந்தும் அதை இயக்க ஆள் இல்லை. காரணம் என்ன? இந்த அணுக்கள் வளர்வதற்கு உடம்பில் சில ரசாயன சிக்னல்கள் போய்க்கொண்டே இருக்கும். அந்த சிக்னலை வாங்கும் பாகம் டேவிட்டின் அணுக்களில் பழுதாகிவிட்டது. டவர் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் உங்கள் போனில் ஆன்டெனா உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் கதை.

அந்தப் பாகத்தை உருவாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் இன்னொன்று சமாளித்துவிடும். அதனால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பையனுக்கு ஒரே எக்ஸ்தான். அம்மாவிடமிருந்து பழுதானது வந்துவிட்டால் மாற்று கிடையாது. (இதில் அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் வீடுகளில் முதல் விரல் அங்கேதான் நீளும்.)

ஸ்கிட் உள்ள குழந்தைக்கு பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை எல்லாமே எமன்தான். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் முதல் பிறந்தநாளையோ இரண்டாவது பிறந்தநாளையோ தாண்டுவது கஷ்டம்.

இதே குடும்பத்தில் இன்னும் பல குறைபாடுகள் உண்டு. எல்லாம் இவ்வளவு கொடூரம் இல்லை. 1952ல் வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் என்ற டாக்டரிடம் 8 வயது பையன் ஒருவன் வந்தான். திரும்பத் திரும்ப நிமோனியா, ரத்தத்தில் பாக்டீரியா தொற்று. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகும், மறுபடி வரும். புரூட்டன் அப்போது புதிதாக வந்திருந்த கருவியில் அவன் ரத்தத்தைச் சோதித்தார். ஆன்டிபாடிகள் இருக்க வேண்டிய காமா குளோபுலின் பகுதி காலியாக இருந்தது. மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்த காமா குளோபுலினை ஊசியாகப் போட ஆரம்பித்தார். தொற்று குறைந்தது. டி செல் நன்றாக இருந்து பி செல் மட்டும் உருவாகாத அந்த நோய்க்கு இன்று புரூட்டனின் பெயர்தான். அந்தக் குழந்தைகள் தொடர்ந்து இம்யூனோகுளோபுலின் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம் என்று வாழ முடிகிறது.

டேவிட்டுக்கு அந்த ஊசி போதாது. அவனுக்கு டி செல்லே வேண்டும். அதற்கு வேறொருவரின் மஜ்ஜை வேண்டும்.

சொதப்பிய திட்டம்

மஜ்ஜையை யாரிடமிருந்து வேண்டுமானாலும் எடுத்துச் செலுத்திவிட முடியாது. ரத்த வகை பார்ப்பதுபோல, அதைவிடச் சிக்கலான திசுப் பொருத்தம் ஒன்று உண்டு. பொருந்தாத மஜ்ஜை உள்ளே போனால், அதிலிருக்கும் டி செல்கள் புது உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்க ஆரம்பித்துவிடும். உடன்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்புதான்.

கேத்தரினுக்கும் டேவிட்டுக்கும் பொருந்தவில்லை.

இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத இடம் இதுதான். மொத்தத் திட்டமும் அந்த நான்கில் ஒரு வாய்ப்பை நம்பி இருந்தது. அது கைகொடுக்காவிட்டால் என்ன செய்வது என்று யாரிடமும் பதில் இல்லை. குழந்தை உள்ளே இருக்கிறான், நன்றாக வளர்கிறான், வெளியே எடுத்தால் செத்துவிடுவான். வேறு வழியில்லாமல் காத்திருந்தார்கள். ஏதாவது புது சிகிச்சை வரும், இல்லையென்றால் வேறு யாராவது கொடையாளர் கிடைப்பார். வாரம் மாதமானது, மாதம் வருஷமானது.

குமிழிக்குள் ஒரு நாள்

டேவிட்டின் உலகம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சுவர்களால் ஆனது. சுவரில் தடிமனான கையுறைகள் பொருத்தப்பட்டிருக்கும். வெளியே இருப்பவர்கள் அதற்குள் கையை விட்டுத்தான் அவனைத் தூக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும். குமிழி சுருங்கிவிடாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் இயந்திரங்கள் இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைத் தாண்டித்தான் அவனோடு பேச வேண்டும்.

உள்ளே போகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெரிய சடங்கே உண்டு. தண்ணீர், சாப்பாடு, துணி, பொம்மை, எதுவாக இருந்தாலும் முதலில் அதிலிருக்கும் லேபிள், பசை எல்லாம் சுரண்டி எடுக்கப்படும். பிறகு எத்திலீன் ஆக்சைடு வாயு நிரப்பிய பெட்டியில் 60 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் வைப்பார்கள். அந்த வாயுவே விஷம் என்பதால், அது முழுக்க வெளியேற 1 நாள் முதல் 7 நாள் வரை காற்றாட விடுவார்கள். அதன் பிறகுதான் டேவிட் கைக்குப் போகும். கொரோனா காலத்தில் பால் பாக்கெட்டையும் காய்கறியையும் கழுவிக் கழுவி நாம் ஒரு மாதத்திலேயே அலுத்துப்போனது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குடும்பம் இதை 12 வருஷம் செய்தது.

மருத்துவமனையிலேயே வைத்திருக்கவும் இல்லை. டெக்சாஸிலேயே இருந்த அவர்கள் வீட்டிலும் ஒரு குமிழி அமைத்தார்கள். கொண்டுபோக, கொண்டுவர தனியாக ஒரு சின்னக் குமிழி. சில வாரம் வீடு, சில வாரம் மருத்துவமனை என்று டேவிட் வளர்ந்தான். டிவி இருந்தது. பாடம் படித்தான். பின்னாளில் தொலைபேசி இணைப்பு வழியாக வகுப்பைக் கவனித்தான். அக்காவோடு விளையாடினான், பிளாஸ்டிக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சண்டையும் போட்டான். நண்பர்கள் வந்தார்கள். 1983ல் ஸ்டார் வார்ஸ் வரிசையில் ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய் படம் வந்தபோது, உள்ளூர் தியேட்டரில் அவனுக்காகச் சிறப்புக் காட்சி ஏற்பாடு செய்தார்கள். சின்னக் குமிழியில் உட்கார்ந்து நண்பர்களோடு படம் பார்த்தான்.

பத்திரிகைகளில் வந்த டேவிட் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் டேவிட். சமர்த்துப் பையன், புத்திசாலி. அவனோடு வருஷக்கணக்கில் பழகிய மனநல நிபுணர் மேரி மர்ஃபி பார்த்தது வேறு பக்கத்தையும். வளர வளர அவனுக்குக் கோபமும் பயமும் அதிகமாகின. மற்றவர்கள் முன்னால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ள அவன் கற்றுக்கொண்டிருந்தான். என்ன செய்வான் பாவம்? கதவைத் தட்டிக்கொண்டு வெளியே போக வழியில்லாத பையன், உள்ளே கை நீட்டும் எல்லாரையும் நம்பித்தான் இருக்க வேண்டும்.

4 வயதில் ஒரு சம்பவம். யாரோ மறதியாகக் குமிழிக்குள் ஊசி ஒன்றை விட்டுவிட்டார்கள். அதை வைத்து பிளாஸ்டிக்கில் ஓட்டை போட முடியும் என்று கண்டுபிடித்து டேவிட் குத்த ஆரம்பித்துவிட்டான். பதறிப்போனார்கள். அப்போதுதான் கிருமி என்றால் என்ன, அவன் நிலைமை என்ன என்று அவனுக்கு விளக்கிச் சொன்னார்கள். தான் மற்ற பிள்ளைகளைப் போல இல்லை, இந்தச் சுவர் கிழிந்தால் தனக்கு ஆபத்து என்பது அந்த வயதில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு கிருமி என்றாலே அவனுக்கு நடுக்கம்தான்.

நாசா தைத்த சட்டை

1977ல் நாசா உள்ளே வருகிறது. விண்வெளி வீரர்களுக்கு உடை தயாரித்த அனுபவத்தை வைத்து, டேவிட்டுக்கு ஒரு குட்டி விண்வெளி உடையை உருவாக்கினார்கள். செலவு சுமார் 50,000 டாலர். சுமார் இரண்டரை மீட்டர் நீளக் குழாய் ஒன்று அந்த உடையைக் குமிழியோடு இணைக்கும். அதன் வழியே ஊர்ந்து வந்து உடைக்குள் நுழைய வேண்டும்.

அன்றுதான் கரோல் ஆன் தன் மகனைக் கையில் தூக்கினார். பிறந்து ஏறக்குறைய 6 வருஷம் கழித்து. அதுவும் அந்த உடைக்கு மேலாகத்தான்.

கதைப்படி பார்த்தால் இதன் பிறகு டேவிட் துள்ளிக் குதித்து ஓடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அவனுக்கு அந்த உடை பிடிக்கவில்லை. பயந்தான். போகப் போகக் கொஞ்சம் பழகினாலும், மொத்தமே 7 முறைதான் போட்டான். பிறகு வளர்ந்துவிட்டதால் உடை பத்தவில்லை. நாசா இன்னொன்று கொடுத்தது. அதை அவன் தொடவே இல்லை. கிருமியைக் கண்டு நடுங்கும் பிள்ளையை, வெளியே வா விளையாடலாம் என்று கூப்பிட்டால் எப்படி வருவான்?

இதற்கு முந்தைய வருஷமே, 1976ல், ஜான் டிரவோல்டா நடித்து தி பாய் இன் த பிளாஸ்டிக் பபுள் என்ற டிவி படம் வெளியாகிவிட்டது. டேவிட்டையும், வேறொரு ரத்த நோயால் இதேபோல் தனி அறையில் வாழ்ந்த இன்னொரு பையனையும் வைத்துப் பின்னிய கதை. படத்தில் ஹீரோ கடைசியில் காதலியோடு குமிழியை விட்டு வெளியே போய்விடுவான். சினிமா, வேறென்ன!

இது சரியா என்று கேட்டவர்கள்

டேவிட் சிகிச்சைக்கான செலவு மொத்தம் சுமார் 13 லட்சம் டாலர். பெரும்பகுதி ஆராய்ச்சிக்கான அரசு நிதி. வருஷங்கள் ஓட ஓடக் கேள்விகளும் வந்தன. இது சிகிச்சையா, ஒரு பிள்ளையை வைத்து நடக்கும் பரிசோதனையா? டேவிட் பதின்ம வயதுக்கு வந்து, எனக்கு இது வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது? அந்த மருத்துவமனையில் போதகராக இருந்த ரேமண்ட் லாரன்ஸ் இதைக் கடுமையாக விமர்சித்தவர்களில் ஒருவர். டேவிட் இறந்த பிறகு 1985ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழிலும் இதைப் பற்றி எழுதினார்.

என் பார்வையைக் கேட்டால், பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குமிழிக்குள் இருந்தாலும் அது அவர்களின் பிள்ளை. தினமும் குட் நைட் சொன்னார்கள், பிறந்தநாள் கொண்டாடினார்கள். ஆனால் முதல் திட்டம் உடைந்தால் அடுத்தது என்ன என்று யோசிக்காமல் அந்த வாக்குறுதியைக் கொடுத்த டாக்டர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கத்தான் செய்கிறது. ஆரம்பித்து வைத்த அந்த மூன்று டாக்டர்களும் ஒவ்வொருவராக வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். 1970களின் கடைசியில் வில்லியம் ஷியரர் என்ற நோய் எதிர்ப்பியல் நிபுணர் டேவிட்டின் பொறுப்பை ஏற்றார்.

அக்காவின் மஜ்ஜை

1980களின் தொடக்கத்தில் ஒரு கதவு திறந்தது. முழுப் பொருத்தம் இல்லாத மஜ்ஜையிலும், தாக்குதல் நடத்தும் டி செல்களை மட்டும் முன்கூட்டியே நீக்கிவிட்டால் செலுத்தலாம் என்று கண்டுபிடித்தார்கள். வேறு இடங்களில் ஸ்கிட் குழந்தைகள் சிலர் இப்படிப் பிழைத்தார்கள். டேவிட்டுக்கும் செய்து பார்க்கலாம் என்று முடிவானது.

1983 அக்டோபர் 21. கேத்தரினுக்கு அப்போது 15 வயது. அவளிடமிருந்து மஜ்ஜை எடுக்கப்பட்டது. பாஸ்டன் நகருக்கு அனுப்பி, ஆன்டிபாடிகளைக் கொண்டு சுத்திகரித்து, திரும்ப ஹூஸ்டன் கொண்டுவந்தார்கள். குமிழிக்குள் இருந்தபடியே, ஒரு குழாய் வழியாக டேவிட்டின் ரத்தத்தில் அது சேர்ந்தது. முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே போனது. பொருந்தாத மஜ்ஜை தாக்குமே என்ற பெரிய பயம் நிஜமாகவில்லை. வீட்டுக்கும் போய் வந்தான்.

சில மாதங்களில், வாழ்க்கையில் முதல் முறையாக டேவிட் நோயில் விழுந்தான். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி, குடலில் ரத்தக்கசிவு. குமிழிக்குள் வைத்துக்கொண்டு சிகிச்சை செய்யவே முடியாத நிலை. 1984 பிப்ரவரி 7ஆம் தேதி அவனை வெளியே எடுத்தார்கள்.

12 வயதில், கரோல் ஆன் தன் மகனைக் கையுறை இல்லாமல் தொட்டார். முத்தம் கொடுத்தார்.

15 நாள் கழித்து, பிப்ரவரி 22ஆம் தேதி, டேவிட் இறந்தான்.

கொன்றது எது?

பிரேதப் பரிசோதனையில் டாக்டர்கள் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. அவன் உடம்பு முழுக்கக் கட்டிகள். புற்றுநோய்.

எப்ஸ்டீன் பார் என்று ஒரு வைரஸ் இருக்கிறது. 1964ல், உகாண்டா குழந்தைகளுக்கு வந்த ஒரு வகைப் புற்றுநோய்க் கட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அது அபூர்வமான வைரஸ் இல்லைங்க. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் அது இருக்கும். உங்களுக்கும் எனக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். நம்முடைய டி செல்கள் அதை அடக்கியே வைத்திருப்பதால் வாழ்நாள் முழுக்க நமக்குத் தெரியாமலே போய்விடும்.

கேத்தரினின் மஜ்ஜையிலும் அது தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைய சோதனைகளில் சிக்கவில்லை. அடக்க டி செல் இல்லாத தம்பியின் உடம்பில் அது விழித்துக்கொண்டு, பி செல்களைக் கட்டுப்பாடில்லாமல் பெருக வைத்தது. 12 வருஷம் காற்று, தண்ணீர், பொம்மை என எல்லாவற்றையும் வடிகட்டித் தடுத்தும், கடைசியில் மருந்தாக உள்ளே போன ஒன்றோடு கிருமி போய்விட்டது.

டேவிட்டால் என்ன மாறியது?

முதல் விஷயம், ஒரு வைரஸ் மனித உடம்பில் புற்றுநோயை உண்டாக்க முடியும் என்பதற்கு மிகத் தெளிவான சாட்சியாக டேவிட்டின் நிலை அமைந்தது. ஷியரர் குழு 1985ல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. இன்று உறுப்பு மாற்று, மஜ்ஜை மாற்று செய்துகொள்பவர்களுக்கு இந்த வைரஸ் தலைதூக்குகிறதா என்று கண்காணிப்பது வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது, 1993ல் அந்த உடைந்த ஆன்டெனா கிடைத்தது. ஐஎல்2ஆர்ஜி என்ற மரபணுதான் காரணம் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மரபணு தெரிந்ததும், பழுதை நேராகச் சரிசெய்யும் மரபணு சிகிச்சைக்கான முயற்சி தொடங்கியது. 1999ல் பாரிஸில் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் எதிர்ப்பு சக்தி வந்தது, ஆனால் சிலருக்கு ரத்தப் புற்றுநோயும் வந்தது. நிறுத்தி, திருத்தி, வேறு வகை வைரஸை வாகனமாக வைத்துச் செய்த சிகிச்சையில் 8 குழந்தைகளுக்கு நல்ல பலன் கிடைத்ததாக 2019ல் அமெரிக்காவிலிருந்து முடிவுகள் வந்தன.

ஆனால் அதிக உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது ரொம்ப எளிமையான ஒரு விஷயம். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம். புதிதாக டி செல் உருவாகும்போது மிஞ்சும் சின்ன டிஎன்ஏ வளையங்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் ஸ்கிட் சந்தேகம். 2008ல் விஸ்கான்சின் மாகாணம் இதைத் தொடங்கியது. 2018க்குள் அமெரிக்காவின் 50 மாகாணங்களுக்கும் பரவியது. எல்லாக் குழந்தைகளையும் சோதித்த பிறகு, சுமார் 58,000 பிறப்புகளில் ஒருவருக்கு ஸ்கிட் இருப்பது தெரிந்தது. மூன்றரை மாதத்துக்குள் மஜ்ஜை மாற்று செய்த குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் பிழைக்கிறார்கள். குமிழி தேவையில்லை. தொற்று வருவதற்கு முன்னால் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

இங்கே நாம் என்ன கவனிக்க வேண்டும்?

இந்தியாவில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்யும் நடைமுறை இல்லை. ஆனால் பிறந்த உடனே பிசிஜி தடுப்பூசி போடுகிறோம். அதில் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருக்கிறது. மற்ற குழந்தைகளுக்கு அது பாதுகாப்பு, கட்டாயம் போட வேண்டும். ஸ்கிட் உள்ள குழந்தைக்கு மட்டும் அதே கிருமி உடம்பெங்கும் பரவி ஆபத்தாகலாம்.

அதனால் குடும்பத்தில், குறிப்பாக அம்மா வழியில், ஆண் குழந்தைகள் தொற்றால் கைக்குழந்தையாகவே இறந்திருந்தால் அதைப் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டேவிட்டுக்கு வந்த வகைக்குச் சொந்தத்தில் கல்யாணம் காரணமில்லை. ஆனால் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் ஏற்படும் வேறு வகைகளும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்கு அந்த வகைகளின் வாய்ப்பு கூடுகிறது.

குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம். பால்வாடி போக ஆரம்பித்த பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறேழு முறை வருவது சகஜம். ஆனால் ஒரே வருஷத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறைக்கு மேல் காதில் சீழ், மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்காத தொற்று, ஆழமான சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வருவது, வாயில் வெள்ளைப் படலம் போகாமலே இருப்பது, எடை ஏறாமல் தேங்குவது, இதில் எதுவாக இருந்தாலும் நோய் எதிர்ப்பு குறைபாடு இருக்குமா என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். முதல் கட்டமாக ஒரு சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கைப் பரிசோதனையில், லிம்போசைட் மிகக் குறைவாக இருக்கிறதா என்று பார்த்தாலே ஸ்கிட் பற்றி ஒரு துப்பு கிடைக்கும்.

டேவிட்டின் பெற்றோர் பிற்பாடு பிரிந்துவிட்டார்கள். அப்பா, ஷெனாண்டோவா என்ற சிறு நகரத்தின் மேயரானார். டெக்சாஸின் தி வுட்லண்ட்ஸ் பகுதியில் 1990ல் திறக்கப்பட்ட ஒரு தொடக்கப் பள்ளிக்கு டேவிட்டின் பெயரை வைத்தார்கள். குடும்பப் பெயர் இல்லாமல், வெறும் டேவிட் என்று மட்டும்.

கரோல் ஆன், பிறந்த குழந்தைகளுக்கு ஸ்கிட் பரிசோதனை வேண்டும் என்று பல வருஷம் பேசிக்கொண்டே இருந்தார். டெக்சாஸ் மாகாணம் அந்தப் பரிசோதனையை 2012ல் தொடங்கியது. டேவிட் இருந்திருந்தால் அப்போது அவனுக்கு 41 வயது.